மழைப்படத்து நீலம்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிங்ப்பா, சரிங்ப்பா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நடுவில் ஆபீசிலிருந்து ஓர் அழைப்பு வரும். பிறகு அங்கே வெயில் எப்படி, இங்கே குளிர் எப்படி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். மூன்று வருடமாக நமக்குள் பேச்சு இப்படித்தான் போகிறது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. வயதானால் முட்டி வலிக்கும், மூச்சு வாங்கும், அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெற்ற பிள்ளையிடம் வானிலை பேசியே களைத்துப்போவேன் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை உன் அம்மா இதற்குள் நாலு தடவை ஞாபகப்படுத்திவிட்டாள். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

மழை பிடிப்பதற்குள் இந்தக் குன்னூர் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயமுத்தூருக்கு உன்னிடம் வந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகள் அம்மாவின் முட்டியைத் தின்றுவிட்டன. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளே மேலே நின்று கத்துகிறான். வீட்டை வாங்கியவர் சுவரையெல்லாம் இடித்துக் கண்ணாடி போட்டு ஹோம் ஸ்டே ஆக்கப்போகிறாராம். ஆக்கட்டும். போன மாதம் நீ வந்து என்னென்ன சாமான் கொண்டுவரலாம் என்று சுற்றிப் பார்த்தபோது, "பாத்திரம், கட்டில், குத்துவிளக்கு, எதுன்னாலும் கொண்டாங்ப்பா. அந்த ஜப்பான் படங்க மட்டும் நம்மூட்டுக்கு வேண்டாம். இங்கயே யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துருங்க" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன். எனக்கு நேராகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

அந்தப் படங்கள் நம் வீட்டுக்கு வந்ததே உன்னால்தான். அம்மா உன்னை வயிற்றில் வைத்திருந்த சமயம். குழந்தைத் துணி வைக்க ஒரு டிராயர் பெட்டி வேண்டும் என்றாள். இங்கே பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பங்களாவில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மா இறந்துபோய், சாமான்களை ஏலம் விட்டார்கள். பாக்டரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பித்தளைக் கைப்பிடி வைத்த தேக்குப் பெட்டி ஒன்று. அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அடி டிராயர் இழுக்க வரவில்லை. இரண்டு பேரை வைத்துச் சுமந்து வந்து, மெழுகு தேய்த்து அந்த டிராயரை இழுத்தபோதுதான் பார்த்தேன். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே ஓர் அட்டை உறை. அதற்குள் ஜப்பானில் மரக்கட்டை கொண்டு அச்சடித்த பத்துப் பன்னிரண்டு படங்கள். மலை, படகு, பாலம், பனி மூடிய கூரை, குடை பிடித்த பெண்கள். ஏலக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "டிராயருக்குள்ள இருக்கறதும் சேர்த்துத்தாங்க வித்தது" என்று சிரித்தார். அன்று ராத்திரி அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, "ஏனுங்க, கொழந்தைக்கு டிராயர் எது?" என்று கேட்டாள். எல்லா டிராயருக்கும் படம் போய்விட்டிருந்தது. ஒரு டிராயரில் இரண்டு படத்துக்கு மேல் அடுக்கக் கூடாது என்று அன்றைக்கே எனக்கு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. உன் துணிமணியெல்லாம் பிளாஸ்டிக் கூடையில்தான் வளர்ந்தன. அம்மா இதை உன் கல்யாணத்தில்கூடச் சொல்லிக் காட்டினாள்.

அதிலிருந்து முப்பத்தைந்து வருடம். ஊட்டியில் பழைய சாமான் கடைகளில் தேடினேன், வெளியூர்க் கடைகளுக்கு எழுதிப்போட்டேன், பிறகு நீயே கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுத்து வெளிநாட்டு ஏலங்களில் வாங்கினேன். ஏமாந்ததும் உண்டு. ஒரு தடவை பனியில் நடக்கிற கொக்குப் படம் என்று பெருமையாக வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் புள்ளி. காலண்டர் போல மிஷினில் அடித்தது. அசல் மரக்கட்டை அச்சுக்கு முகத்தைவிட முதுகுதான் சாட்சி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை செதுக்கி, மை பூசி, ஈரக் காகிதத்தை அதன்மேல் கவிழ்த்து, முதுகுப்பக்கம் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். அந்தத் தேய்ப்பு பின்னால் வட்டவட்டமாகத் தெரியும். நிறம் காகிதத்துக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நீ எட்டாவது படிக்கும்போதே ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்து "இது மிஷினுங்ப்பா" என்று சொன்னாய். நான் அதற்குள் பணம் அனுப்பிவிட்டிருந்தேன். உன்னிடம் இல்லை என்று வாதாடி, இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டேன். அப்பொழுதே எனக்கு ஒரு பாடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

இந்தப் படங்களுக்கு இரண்டு எதிரி, ஈரமும் வெளிச்சமும். குன்னூரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? மழைக்காலத்தில் செருப்புக்குள் காளான் முளைக்கிற ஊர். எல்லார் வீட்டிலும் துணி பீரோவுக்குள் பல்பு எரியும். நம் வீட்டில் துணி பூசணம் பூத்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பல்பு டிராயர் பெட்டிக்குப் பின்னால் எரிந்தது. வெளிச்சத்துக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் கம்பளித் திரை. முன்னறை ஜன்னலில் வருடம் முழுக்கத் திரை. படம் வெளியே இல்லாத நாளிலும் திரை, பழக்கமாகிவிட்டது. உறைபனி கொட்டும் ஜனவரியில்தான் இங்கே காற்று காய்ந்திருக்கும். அப்போது அம்மா வெளியே வெயிலில் மெத்தையையும் வற்றலையும் போடுவாள், நான் உள்ளே இருட்டறையில் கயிறு கட்டிப் படங்களுக்குக் காற்றாட விடுவேன். தொட வேண்டுமென்றால் கை கழுவ வேண்டும். தூக்க வேண்டுமென்றால் எதிரெதிர் மூலையில் இரண்டு கையாலும் தூக்க வேண்டும். ஒரு கையால் நீ தூக்கியதற்காக எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "உன்னக்கூட அவரு ரெண்டு கையில தூக்குனதில்லடா" என்று அம்மா சொல்வாள். உன் சினேகிதன் ஒருவன் வந்து, "அங்கிள், இவ்ளோ படம் வெச்சுட்டு செவுத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டான். மாட்டினால் வெளுத்துவிடும் என்றேன். "அப்பறம் எதுக்கு வாங்குனீங்க?" என்றான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். வெளுக்காமல் வைத்திருப்பதற்காகத்தான் வாங்கினேன் போலிருக்கிறது.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. சரக்குப் பெட்டிகளுக்கு அடிக்கிற பெயின்ட் ஷேடு கார்டிலுள்ள மாதிரி நிறத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதில் ஒரு வேலை. கார்டை எடுக்காமலே சொல்லிவிடுவேன். "அண்ணனோட கண்ணு இருக்கறப்ப கார்டு எதுக்குங்க?" என்பார்கள். மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் இருக்கும். எனக்கு நிலம் இல்லை, பெரிய படிப்பு இல்லை, பேச்சு சாமர்த்தியமும் இல்லை. கண் இருந்தது. என் கண்ணை ஏமாற்ற முடியாது என்பதில் எனக்கு அப்படி ஒரு கெத்து. அந்தக் கெத்தில்தான் எல்லாம் வந்தது.

நீயும் சரண்யாவும் பிளாட் வாங்கிப் பால் காய்ச்சினபோது, என்னிடம் இருந்ததிலேயே நல்லதை உனக்குக் கொடுத்தேன். மழைப்படம். ஒரு படகுத் துறை. ஓடத்துக்குக் காத்திருக்கும் மூன்று பேர். காற்றுக்குச் சாய்த்துப் பிடித்த குடை. கோடு கோடாக மழை. மேலே ஒரு நீலம். உச்சியில் கருநீலமாக ஆரம்பித்துக் கீழே வர வர வெளுத்து, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. பலகையில் மையைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே அந்த வெளுப்பைக் கொண்டுவர வேண்டும். சின்ன வயதில் நீ அதை மட்டும்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பாய். இருட்டறையில் அதன் முன்னால் உட்கார்ந்து, "இது நம்மூரு மழைங்ப்பா, சைடுல பெய்யுது" என்பாய். நல்ல சட்டம் போட்டு, ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே, ஏசி காற்று படக் கூடாது, ஈரத் துணியால் துடைக்காதே என்று ஆயிரம் நிபந்தனையோடு கொடுத்தேன். நீ அத்தனையையும் கேட்டாய். ஹாலில் வெயில் படாத சுவராகப் பார்த்து நீயே ஆணி அடித்தாய்.

அடுத்த வருடம் பாப்பாவுக்குக் காதுகுத்து. ஹால் நிறைய ஜனம். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள், உன் ஆபீஸ்காரர்கள், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தேன், சுவரைப் பார்த்தேன். நீலம் இல்லை. உச்சியில் ஏதோ டீத்தூள் கரைத்துப் பூசின மாதிரி ஒரு பழுப்பு. "என்னடா பண்ணிவெச்ச? நீலம் எங்கடா? ஒரு வருசம் உங்கையில குடுத்ததுக்கு இப்படிக் கெடுத்துப்போட்டயே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ, "இல்லீங்ப்பா, அப்படியேதான் இருக்குது" என்றாய். "யாருகிட்டடா சொல்ற? எங்கண்ணுகிட்டயா?" என்றேன். சரண்யாவின் அப்பா பேச்சை மாற்றப் பார்த்தார், அவரையும் விடவில்லை. நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, அம்மா பையிலிருந்த சிவப்புக் கரைத் துண்டில் சுற்றி, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்த பிறகு அம்மா, "பாப்பாவுக்குக் காது குத்துனத நான் பாக்கவே இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்று சொல்கிறேன். அந்த ரக நீலம் லேசில் வெளுக்காது. ஊதா ஓடிப்போகும், சிவப்பு சோர்ந்துபோகும், அந்த நீலம் நிற்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்று அதை நீ என் முகத்துக்கு நேரே திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. கண்ணால் கண்டதற்கு மேல் என்ன யோசனை?

வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை டிராயரில் கவிழ்த்து வைத்ததுதான். திரும்ப எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை. அடுத்த ஜனவரியில் மற்ற படங்களும் மங்கலாகத்தான் தெரிந்தன. ஈரம் என்றேன். பல்பு சூடு என்றேன். அம்மா துவைத்த வேட்டி மஞ்சளாக இருக்கிறது, சோப்பு சரியில்லை என்றேன். சோப்பை மாற்றினாள், அதுவும் சரியில்லை என்றேன். பேப்பர்காரன் பழுப்புத் தாளில் அச்சடிக்கிறான் என்றேன். ஊரே அழுக்காகிக்கொண்டு வருவதாக எனக்கு ஒரு எண்ணம். அறுபது தாண்டினவன் அப்படிச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். போதாததற்கு நம் வீட்டில் எப்போதும் திரை. இருட்டு அதிகமாகத் தெரிந்தால் திரைதான் காரணம் என்று இருந்துவிட்டேன்.

போன வருடக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார், பழைய படங்கள் வாங்கி விற்கிறவர். வீட்டைக் கொடுத்துவிட்டோமே, படங்களையும் ஒரு வழி செய்யலாம் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழைப்படத்தைக் கையில் எடுத்துத் திரையை ஒரு ஓரம் விலக்கிப் பிடித்து, "சார், இந்த நீலம்! இப்படி ஒரு நல்ல நீலம் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். வெளுத்துப்போன படத்தைக் காட்டி நல்ல நீலம் என்கிறானே, என்னை என்ன இளிச்சவாயன் என்று நினைத்தானா, மற்றதைக் குறைந்த விலைக்கு அமுக்கப் பார்க்கிறான் என்று தோன்றிவிட்டது. டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அம்மா தட்டோடு வந்து நின்றது நின்றபடி.

அதற்கப்புறம் நடந்தது நீ அறிந்ததே. பொங்கலுக்கு வந்த நீ, நான் டம்ளருக்கு வெளியே டீ ஊற்றுவதைப் பார்த்தாய். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்துத் தடுமாறினதைப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினாய், லீவு போட்டாய், காரில் கூட்டிப் போனாய். கண்புரை நன்றாக முற்றிவிட்டது, ரொம்ப வருடமாகவே வளர்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியவே இல்லீங்களாய்யா?" என்று அவர் கேட்டதற்கு, "எங்கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் வேளை தவறாமல் நீதான் சொட்டு விட்டாய். தலையை அண்ணாந்து உன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது! உனக்கும் காதோரம் நரைத்திருக்கிறது. ஹாலில் அந்தச் சுவரில் ஆணி அப்படியே இருந்தது. ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. நான் அதைப் பார்த்ததை நீ பார்த்தாய்.

இங்கே திரும்பி வந்து பச்சைக் கண்ணாடியைக் கழற்றினதும் எனக்கு முதலில் கிடைத்தது சந்தோஷம் இல்லை. உன் அம்மாவின் தலை. இவ்வளவு வெளுத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் அத்தனை கோடு. தலை நரைத்ததை நான் பார்க்காமலே ஒரு மனுஷி என்னோடு கிழவியாகியிருக்கிறாள். "என்னுங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையும் சொல்லவில்லை, சோப்புக்கு நான் பேசின பேச்சு ஞாபகம் வந்தது.

போன வாரம், நீ சொன்னபடி படங்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று டிராயரைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசி டிராயரில் கவிழ்த்து வைத்தது. திருப்பினேன்.

நீலம் இருந்தது தம்பி. உச்சியில் அந்தக் கருநீலம், கீழே வர வர வெளுத்து, குடைகளுக்குமேல் கரைந்து. ஒரு பொட்டுக் குறையவில்லை. நான் வேறு படமோ என்று முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அதே படம், அதே தேய்ப்பு. ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் மூடினேன். பழுப்பு. காதுகுத்து அன்று நான் பார்த்த அதே டீத்தூள் பழுப்பு. கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். நீலம். மூடுகிறேன், திறக்கிறேன். வேட்டி சோப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு மழை, அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு மழை. அம்மா உள்ளே வந்து, "ஆருக்குங்க கண்ணடிக்கறீங்க இந்த வயசுல?" என்று சிரித்தாள். நான் படத்தைக் காட்டி, "இது என்ன கலரு சொல்லு" என்றேன். "நீலந்தாங்க." "எப்பவும் நீலந்தானா?" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவன் அன்னைக்கே சொன்னானுங்க" என்றாள். "காதுகுத்து முடிஞ்சு நாலாம் நாளு போன் பண்ணுனான். அம்மா, மாட்டுன அன்னைக்கு எடுத்த போட்டோவையும் காதுகுத்துல எடுத்த போட்டோவையும் வெச்சுப் பாத்தேன், ஒரு மாத்தமும் இல்ல, அப்பாவுக்குக் கண்ணுதான் ஏதோ ஆயிட்டிருக்குது, எப்படியாச்சும் டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்கன்னான். நீயே அப்பாகிட்டச் சொல்லுடான்னேன். வேண்டாம்மா, அவருக்குப் பெருமைன்னு இருக்கறது அந்தக் கண்ணு ஒண்ணுதான், அது போச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன், படம் கெட்டதாவே இருந்துட்டுப் போவட்டும்னான். நானும் கண்ணாடி மாத்தலாம் வாங்கன்னு எத்தன தடவ கூப்புட்டேன், எம்மேல எரிஞ்சு எரிஞ்சு உழுந்தீங்க."

நான் அழுதேன் என்று அம்மா உன்னிடம் சொன்னால் நம்பிக்கொள். சொட்டு மருந்து என்று நான் சொன்னால் நம்பாதே.

தம்பி, மூன்று வருடம் நீ கெடுத்தவனாக இருந்தாய். உன் மாமனார் முன்னால், பெண்டாட்டி முன்னால். என் கண் சரியாக இருப்பதற்காக நீ படத்தைக் கெடுத்தவன் என்ற பேரை வாங்கிக்கொண்டாய். எனக்கு ஒரு படம் கெட்டதே தாங்கவில்லை. உனக்கு நான் கெட்டுவிடக் கூடாது என்று இருந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்லி எழுதுவது என்று மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நம் வீட்டில் யாரும் உபயோகித்ததில்லை, எழுதினால் வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. அதைச் சரண்யாவின் அப்பாவிடமும் நேரில் வந்து சொல்கிறேன். அவர் அன்று கேசரியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் வந்தார்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன், வாய் சும்மா இருக்காது. ஒன்றே ஒன்று. உனக்கும் ஒருநாள் ஏதாவது மங்கலாகத் தெரியும். பாப்பா செய்வது, சரண்யா சொல்வது, ஊர் போகிற போக்கு. அப்போது கத்துவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடித் திறந்து பார். நான் சம்பாதித்ததில் உனக்குக் கொடுக்கிற மாதிரி மிஞ்சியது இது ஒன்றுதான். இன்னொன்றும் சொல்வேன், திட்டாதே. என் பெருமையைக் காப்பாற்ற நீ இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்காதே. எனக்குத் தப்பாகத் தெரிந்தால் தப்பு என்று சொல். நான் எரிந்து விழுவேன். விழுந்துவிட்டுப் போகிறேன், இரண்டு நாளில் எழுந்துவிடுவேன். மூன்று வருடம் வானிலை பேசுவதைவிட அது தேவலை.

பெங்களூர்க்காரருக்கு நேற்று போன் செய்தேன். அன்று டீ கொடுக்காமல் அனுப்பியதைச் சொல்லி வருத்தப்பட்டேன். பாவம், அவர் மறந்தே போயிருந்தார். மற்ற படங்களை அவரே எடுத்துக்கொள்ளட்டும். எனக்குக் காவல் காத்துக் காத்துக் களைத்துவிட்டது. யாராவது சுவரில் மாட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். டிராயர் பெட்டி காலி. அம்மா அதைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். அது துணி வைக்க வாங்கினது. உன் துணிக்குத்தான் வாய்க்கவில்லை. பாப்பா துணிக்கு ஆகும். முன்னறைத் திரையைக் கழற்றித் துவைத்துவிட்டாள். இந்த வீட்டை விட்டுப் போகிற கடைசி மாதத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே டைகர் ஹில் இவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று எனக்குத் தெரிகிறது.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறோம். அம்மா ஒரு கையில் மருந்துப் பையும், நான் மறுபடி சட்டம் போட்டு அந்தச் சிவப்புக் கரைத் துண்டில் சுற்றின மழைப்படமுமாக வந்து உன் வீட்டு மணியை அடிப்போம். நீ கதவைத் திறக்கும்போது நான் ஒன்றும் பேச மாட்டேன், பேசவும் வராது. நீட்டுவேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடு; திருப்பிக் கொண்டுபோகமாட்டேன், வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன். வேண்டும் என்றால் அந்த ஆணியிலேயே மாட்டு. வெயில் பட்டால் படட்டும், பாப்பா தொட்டால் தொடட்டும்.

ஒரு கையாலேயே வாங்கிக்கொள் தம்பி. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்பா